கிணற்றடிக் கத்தரிக்காய்

கத்தரியில் காய்ப்புழு விழுந்த வருஷம் அது. நாச்சிமுத்துவின் தோட்டத்தில் எதிர்க்காற்றில் நாள் முழுக்க மருந்தடித்த சின்னான், சாயங்காலம் வாயில் நுரை தள்ளி வரப்பிலேயே விழுந்து செத்தான். சாராய வாசமே ஆகாதவன் அவன்.

பதினாறாம் நாள் ஊர்க்கூட்டம். நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"குடிச்சுச் செத்தவனுக்காக என் மருந்து மேல பழியா? அது பால் மாதிரி. புழுவைத் தவிர யாரையும் ஒண்ணும் பண்ணாது. இல்லேன்னு நிரூபிக்கச் சொல்லுங்க, பார்க்கலாம்!"

சின்னானின் மனைவி கருப்பாத்தாள் எழுந்தாள். நாச்சிமுத்து வீட்டுச் சமையலுக்குத் தினமும் காய் பறித்துக் கொடுப்பவள் அவள்தான்.

"முதலாளி சொன்னாச் சரிங்க. ஒரே ஒரு யோசனை கேட்கணும். உங்க வீட்டுக்குப் பறிக்கிற கிணத்தடிப் பாத்தியில எல்லாம் சொத்தைக் காயா இருக்குதுங்க. நாளையிலிருந்து எங்க வீட்டுக்காரரு மருந்தடிச்ச செடியிலயே பளபளன்னு பறிச்சு, உங்க பேத்திக்குக் குடுக்கட்டுங்களா?"

"ஏய்! அது சந்தைக்குப் போற காய். அதையா பச்சைப்புள்ளைக்குக் குடுப்பே? அதுக்குத்தானே கிணத்தடியில மருந்தே படாம..."

பின்வரிசையில் யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

ஊர்த்தலைவர் மெல்லச் சொன்னார்: "சின்னான் குடிக்கல. மருந்துதான் கொன்னுருக்குது."

பக்கத்து வீட்டுக்காரி கருப்பாத்தாளின் கையைப் பிடித்தாள். "ஜெயிச்சுட்டே அக்கா."

"ஆமா புள்ள," என்றாள் கருப்பாத்தாள். "இதை அவருகிட்ட யாரு போய்ச் சொல்றது?"