ஐந்தாம் சேனலில் அரசவை

மஞ்சணத்திபுரியில் எல்லாமே உண்டு. கோட்டை உண்டு, அகழி உண்டு, அகழிக்கு அப்பால் மலை உண்டு, மலை உச்சியில் இன்டர்நெட் டவரும் உண்டு. அங்கிருந்து காற்றில் வரும் நெட்டை அரண்மனைக் கூரையில் இருக்கும் டிஷ் வாங்கிக்கொண்டு, பதிலையும் காற்றிலேயே அனுப்பும். ராஜா காலத்தில் நெட் ஏது என்று கேட்பவர்கள் இந்தக் கதைக்கு லாயக்கில்லை.

ஒரு நாள் ராஜா சேதுராயர் தம் ஒரே மகளுடன் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். கடல் தாண்டிக் கட்டிக்கொடுத்த பெண். "அப்பா, உங்களுக்கு ஒரு நல்ல சேதி..." என்று ஆரம்பித்தாள். திறந்த வாயோடு படம் அப்படியே நின்றுவிட்டது. ராஜா திரையைத் தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். மகள் அசையவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கண் கலங்கினால் அவருக்குக் கோபம் வரும்.

"என் நெட்டைக் கெடுக்கிறவன் எவனாக இருந்தாலும் சபையில் வைத்து அவன் ஒரு பக்க மீசையை வழிப்பேன்! சத்தியம்!"

தளபதி ரணசூரர் துள்ளி எழுந்தார். "சந்தேகமே வேண்டாம் மன்னா. பக்கத்து நாட்டு ராஜா வேலைதான். படையெடுத்துவிடலாம்."

ராஜா தம் விகடகவி பக்கம் திரும்பினார். "குழைக்காதா, நாளை சபை கூடும்போது குற்றவாளியைக் காட்டு. இல்லாவிட்டால் படை கிளம்பும். உன் மீசையும் போகும்."

மூளையைவிட மீசைக்கே அதிகம் எண்ணெய் செலவழித்த மனிதர் குழைக்காதர். வீட்டுக்கு வந்து, பெரிய அறிவாளி போலக் கன்னத்தில் விரல் வைத்து உட்கார்ந்தார். ஒன்றும் வரவில்லை. சரி, எதிரியைத் தேடுவோம் என்று மொட்டை மாடி ஏறினார்.

அங்கே அவருடைய டிஷ்ஷே நின்றது. ராஜாவுக்கு ஐந்துதான் ராசி எண் என்று ஜோசியர் சொன்ன நாளிலிருந்து, விசுவாசத்தைக் காட்ட ஊரே தன் டிஷ்களை ஐந்தாம் சேனலுக்கு, அதாவது ராஜாவின் டிஷ் பேசும் அதே அலைவரிசைக்கு, மாற்றியிருந்தது. அவரும்தான். எதிர்வீட்டுக்காரர் பவரை ஏற்றினால் இவர் இன்னும் ஏற்றுவார். கோழிச்சண்டை பார்ப்பதற்கு முழு பவர்!

"அடப்பாவி குழைக்காதா, நாட்டுக்கு எதிரி நீதானாடா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். சுற்றிப் பார்த்தார். கோட்டைக் கூரைகளில் டிஷ்கள் காளான் மாதிரி முளைத்திருந்தன. போய்க் கேட்டால் எவன் ஒத்துக்கொள்வான்? கேட்டிருந்தால் அவரே ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

மறுநாள் சபையில் கையில் பட்டுச் சால்வையோடு நின்றார். "குற்றவாளி அப்புறம். முதலில் ஒரு பட்டம். மன்னரின் ராசிச் சேனலில் அதிக பவர் வைத்திருக்கும் விசுவாசிக்கு 'அலையேறு' பட்டம்!"

"எனக்குத்தான்!" என்று தளபதி முந்தினார். "வீட்டில் மூன்று டிஷ். மூன்றும் முழு பவர்!"

"நான் அதற்கு மேலே பூஸ்டரும் போட்டிருக்கிறேன்!" என்றார் ஜோசியர்.

ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. "எனக்கு மிஞ்சியா? குளியலறைக்குத் தனி டிஷ், யானைக் கொட்டடிக்குத் தனி டிஷ். அத்தனையும் ஐந்தாம் சேனல், அத்தனையும் முழு பவர்!"

ஆளாளுக்குக் கத்தினார்கள். சபை சந்தைக்கடையானது. குழைக்காதர் ராஜாவைப் பார்த்து வாயசைத்தார்.

"என்னய்யா சொல்கிறாய்? ஒன்றும் கேட்கவில்லையே!" என்று ராஜா அலறினார். சபை கப்சிப்பென்று அடங்கியது.

"மலை மேல் டவருக்கும் இதே கதிதான் மன்னா. எல்லாரும் ஒரே சேனலில் தொண்டை கிழியக் கத்தினால் இளவரசி பேச்சு எங்கே நுழையும்? அரண்மனைக் கூரையில் ஒரே ஒரு டிஷ்ஷை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அணைக்கச் சொல்லுங்கள்."

அணைத்தார்கள். ராஜா வீடியோவில் கூப்பிட, திரையில் மகள் முகம் பளிச்சென்று வந்தது. "அப்பா! நீங்கள் தாத்தா ஆகப்போகிறீர்கள்!"

ராஜா சபை என்றும் பாராமல் அழுதார். கண்ணைத் துடைத்ததும் சத்தியம் நினைவுக்கு வந்தது. "சரி, குற்றவாளி யார்?"

"எல்லாரும்தான் மன்னா. முதல் ஆள் அடியேன். வாசலில் நாவிதர் காத்திருக்கிறார். என்னில் ஆரம்பித்து, தளபதி, ஜோசியர் என்று வரிசையாகச் சிம்மாசனம் வரை வந்துவிடலாம். அதன் பிறகு..."

ராஜாவின் கை தானாக மீசைக்குப் போனது. "அதன் பிறகு?"

"இந்த வட்டாரத்தில் முழு மீசையோடு இருக்கும் ஆம்பிளை, பக்கத்து நாட்டு ராஜா ஒருவர்தான்!"

ராஜா சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். சத்தியத்தை வாபஸ் வாங்கி, ஆளுக்கொரு சேனல் பிரித்துக்கொடுத்து, சால்வையைக் குழைக்காதருக்கே போர்த்தினார்.