காலிப் பொந்தும் எண்ணெய்ப் பங்கும்

ஒரு காட்டில், ஆற்றின் தென்கரையில், ஒரு மரச்செக்கு இருந்தது. காட்டில் ஏது செக்கு என்று கேட்கிற பிள்ளைகள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் காட்டில் இருந்தது. ஒரு காட்டெருமை அதைச் சுற்றி, இலுப்பை விதையை ஆட்டி எண்ணெய் எடுத்தது. மழைக்காலத்தில் அந்த எண்ணெயை உடம்பில் பூசிக்கொண்டால் ஈரம் ஒட்டாது, குளிர் அண்டாது. அதனால் எல்லோருக்கும் அது வேண்டியிருந்தது.

செக்கு செய்த கரடித் தச்சருக்குக் கூலி கொடுக்கக் காட்டெருமையிடம் எதுவும் இல்லை. ஆகவே அது ஓர் ஏற்பாடு செய்தது. யார் ஒரு கூடை கொட்டை கொடுத்தாலும், முள்ளம்பன்றி தன் முள்ளால் அடையாளம் கீறிக்கொடுத்த ஒரு புன்னைக்காய் கிடைக்கும். அதற்குப் பங்கு என்று பெயர். பௌர்ணமிதோறும் ஒரு பங்குக்கு ஒரு சிரட்டை எண்ணெய். பங்கு வேண்டாம் என்றால், பங்குகள் கைமாறும் புளியமரத்தடிக்குப் போய் வேறு யாரிடமாவது கொடுத்துக் கொட்டையாக மாற்றிக்கொள்ளலாம். செக்கு நன்றாக ஓடினால் நிறையக் கொட்டை கிடைக்கும், ஓடாவிட்டால் குறையும். இவ்வளவுதான் விஷயம். பெரியவர்கள் இதைப் பேசும்போது முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்வார்கள். அதைப் பார்த்து நீங்கள் பயந்துவிடாதீர்கள்.

செக்குக்குப் பக்கத்தில் ஒரு நாவல் மரம். அதன் பொந்தில் ஓர் அணில் தன் மூன்று பிள்ளைகளோடு இருந்தது. போன மழையில் அதன் கடைக்குட்டிக்குச் சளி பிடித்து, மூச்சு கர்கர் என்று இழுத்தது. அணில் அதைத் தன் வாலால் போர்த்தி மடியில் வைத்துக்கொண்டு அழுதது. பிள்ளை எப்படியோ பிழைத்தது. அன்றே அணில் மனசுக்குள் முடிவு செய்துவிட்டது. அடுத்த மழைக்குத் தன் பிள்ளைகள் தலை முதல் வால் வரை எண்ணெயில் மினுங்க வேண்டும்.

அதனால் ஒரு கூடை கொட்டை கொடுத்து ஒரு பங்கு வாங்கியது. பௌர்ணமி வந்தது, எண்ணெயும் வந்தது. அணிலுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. மழைக்காலச் சாப்பாட்டுக்காகப் பொந்தில் சேர்த்து வைத்திருந்த கொட்டை முழுவதையும் வழித்து எடுத்துக்கொண்டு போய் இன்னும் நான்கு பங்கு வாங்கிவிட்டது.

மரத்தடிப் புதரில் ஒரு காடை குடியிருந்தது. அது சரியான பயந்தாங்கொள்ளி. இலை விழுந்தாலே புதருக்குள் ஓடி ஒளியும். காடையிடமும் ஒரு பங்கு உண்டு, ஒன்றே ஒன்று. மற்றபடி சாமையும் தினையுமாகப் புதருக்கடியில் பத்திரமாக வைத்திருந்தது. பொந்தில் கொஞ்சமாவது மிச்சம் வைத்துக்கொள் என்று அது அணிலிடம் தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தது. அக்காவுக்கு எதற்கெடுத்தாலும் பயம்தான் என்று அணில் சிரித்துக்கொண்டே போய்விட்டது.

காலியான பொந்தில் ஒரு வேடிக்கை நடந்தது. பிள்ளைகள் உள்ளே "ஓ" என்று கத்தினால் பொந்தும் "ஓ" என்றது. அவர்களுக்கு ஒரே குஷி. நாள் முழுக்கக் கத்தினார்கள். அணிலும் அதைக் கேட்டு மகிழ்ந்தது.

இப்போது ஆற்றின் கதைக்கு வருவோம். செக்கு தென்கரையில் இருந்தாலும் இலுப்பைத் தோப்பு இருந்தது வடகரையில். மழைக்கு முன்பு இரண்டு கரைகளிலும் தலைவரைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். வடகரைக்கு ஒரு கருங்குரங்கு தலைவர், தென்கரைக்கு ஒரு காட்டுப்பன்றி தலைவர். வருஷம் முழுக்க இருவரும் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடவில்லை. இதைச் செய்தேன், அதைச் செய்தேன் என்று சொல்ல இருவரிடமும் ஒன்றும் இல்லை.

ஆற்றின் நடுவே ஒரு மணல் திட்டு இருந்தது. அதில் ஒரு புல்கூட முளைத்தது கிடையாது. அது வடகரைக்குத்தான் சொந்தம் என்று, தேர்வு நெருங்கிய ஒரு நாள் கருங்குரங்கு சொன்னது. கூட்டம் ஆரவாரம் செய்தது. இல்லை, அது தென்கரையின் மானம் என்று காட்டுப்பன்றி சொன்னது. அங்கே அதைவிடப் பெரிய ஆரவாரம். உடனே கருங்குரங்கு, திட்டு கைக்கு வரும்வரை தோப்பிலிருந்து ஒரு விதைகூடத் தென்கரைக்குப் போகாது என்று அறிவித்தது. உங்கள் விதை எங்களுக்குத் தூசு என்றது காட்டுப்பன்றி. இரண்டு கரைகளும் தொண்டை கட்டும்வரை வாழ்க என்று கத்தின. செக்கு நின்றது.

அணில் செக்கடிக்கு ஓடியது. காட்டெருமை சும்மா நின்றுகொண்டிருந்தது. செக்கில் ஒரு கீறல் இல்லை, தன் காலிலும் வலு இருக்கிறது, விதை வந்தால் இந்த நிமிஷமே சுற்றத் தயார் என்று சொன்னது. தன்னால் செய்யக்கூடியது வேறொன்றும் இல்லை என்று தலை குனிந்துகொண்டது.

புளியமரத்தடியில் பங்குக்குக் கேட்பாரே இல்லை. கொட்டை உதிரும் காலம் முடிந்துவிட்டது. வானம் கறுக்கத் தொடங்கியது. பொந்தில் பிள்ளைகள் கத்துவதை நிறுத்திவிட்டார்கள். பசி வந்தால் விளையாட்டு எங்கே வரும்?

அந்த நேரத்தில்தான் நரி வந்தது. நரிக்கு இரண்டு கரைகளிலும் செல்வாக்கு. இரண்டு தலைவர்களுக்கும் சேதி கொண்டு போவது அதுதான். இந்தச் சண்டை பேரன் பேத்தி காலத்திலும் ஓயாது, பங்கு இனி வெறும் காய், ஆனாலும் பிள்ளைகள் முகம் வாடியிருப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை என்று உருகி உருகிப் பேசியது. ஒரு பங்குக்கு ஒரு கைப்பிடி கொட்டை தருவதாகச் சொன்னது.

ஒரு கூடைக்கு வாங்கியதை ஒரு கைப்பிடிக்குக் கொடுப்பதா? அணிலுக்கு மனசு வரவில்லை. ஆனால் கடைக்குட்டி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. மூன்று பங்கைக் கொடுத்தது. மூன்று கைப்பிடி எத்தனை வேளைக்கு வரும்? சீக்கிரமே தீர்ந்துவிட்டது.

மீதி இரண்டு பங்கையும் வாயில் கவ்விக்கொண்டு அணில் மரத்திலிருந்து இறங்கியது. புளியமரத்தடியில் நரி காத்திருந்தது. அப்போது புதர் அசைந்தது. நரி பக்கத்தில் இருந்தால் மூச்சுகூட விடாத காடை, வெளியே வந்து பாதை நடுவில் நின்றது.

"தங்கச்சி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அது வெறும் காய் என்றால், நரி ஏன் அதை இவ்வளவு ஆசையாக வாங்குகிறது?"

அணில் பங்குகளைக் கீழே வைத்தது. அதன் கண்ணில் நீர் நிறைந்தது.

"எனக்குத் தெரியவில்லை அக்கா. பிள்ளைகளுக்குப் பசி. உட்கார்ந்து யோசிக்க எனக்கு ஏது நேரம்?"

"நேரம் நான் தருகிறேன்," என்றது காடை. "என்னிடம் தினை இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா."

அணில் அங்கேயே நின்று விம்மியது. பிறகு பங்குகளை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்ப் பிள்ளைகளை அழைத்து வந்தது. நரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிழைக்கத் தெரியாதவர்கள் என்று முணுமுணுத்தபடி வேறு வீட்டுக்குப் போனது.

அன்றிலிருந்து எல்லோரும் புதருக்கடியில் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். தினை நாளுக்கு நாள் குறைந்தது. காடை தனக்குப் பசியில்லை என்று சொல்லி ஒதுங்கத் தொடங்கியது. அணில் விடவில்லை. தனக்கு வந்த தினையில் பாதியை அதன் அலகருகே தள்ளிவிட்டுத்தான் தான் சாப்பிட்டது.

தலைவர் தேர்வு வந்தது. வடகரையில் கருங்குரங்கு ஜெயித்தது. தென்கரையில் காட்டுப்பன்றி ஜெயித்தது. மறுநாள் இருவரும் அதே மணல் திட்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு பனம்பழம் சப்பிக்கொண்டிருந்தார்கள். நரிதான் பழம் உரித்துக் கொடுத்தது. அடுத்த நாள் மழை கொட்டி, திட்டு ஆற்றுக்குள் மூழ்கிப்போனது. அதன் பிறகு அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

தடை நீங்கி விதை வந்தது, செக்கு சுற்றியது. பங்குக்கு முன்பைவிட அதிகக் கொட்டை கொடுக்கப் புளியமரத்தடியில் போட்டி. பௌர்ணமியன்று அணிலுக்கு இரண்டு சிரட்டை எண்ணெய் கிடைத்தது. தன்னுடையதாக இருந்திருக்க வேண்டிய மூன்று சிரட்டையை நரி வாங்கிக்கொண்டு போவதை அது பார்த்தது. நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. நரிக்கு ஒன்றும் ஆகவில்லையா என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் அதில் வருத்தம்தான்.

அணில் முதலில் கடைக்குட்டியின் நெஞ்சில் எண்ணெய் தேய்த்தது. பிறகு மற்ற இரண்டுக்கும் தேய்த்தது. மிச்சம் இருந்ததை எடுத்துக்கொண்டு புதருக்குப் போய், மெலிந்துபோயிருந்த காடையின் இறகுகளில் ஒவ்வொன்றாகப் பூசிவிட்டது. தன்னுடைய முதுகுக்கு எண்ணெய் இல்லாமல் போனதைக் கடைசியில்தான் கவனித்தது. காடை தன் சிரட்டையிலிருந்து எடுத்து அதற்குப் பூசிவிட்டது. அந்த மழையில் ஒருவருக்கும் சளி பிடிக்கவில்லை.

அடுத்த வருஷம் கொட்டை உதிர்ந்தபோது, அணில் முதலில் தன் பொந்தை நிறைத்தது. பிறகு காடையின் புதரடியை நிறைத்தது. அதற்கும் மேல் மீந்ததை மட்டும் செக்கடிக்குக் கொண்டு போய் ஒரு பங்கு வாங்கி வந்தது.

திரும்பி வந்தபோது கடைக்குட்டி பொந்துக்குள் தலையை விட்டு "ஓ" என்று கத்திக்கொண்டிருந்தது. சத்தமே திரும்பி வரவில்லை. அதற்கு அழுகை வரும்போல இருந்தது.

"அம்மா, பொந்து ஏன் பதில் சொல்ல மாட்டேன் என்கிறது?"

அணில் பிள்ளையை அணைத்துக்கொண்டது.

"அதன் வாய் நிறையச் சாப்பாடு இருக்கிறது, கண்ணு."

நீதி: வீட்டுக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மீந்ததைப் பங்கில் போடு, தலைவர்களின் சண்டை ஓயும்வரை காத்திருக்க முடிந்தவருக்கே பங்கு நிலைக்கும்.