சுரங்கத்தின் கழுத்து

"முடியல மேடம்" என்றார் ஞானசிகாமணி. "வேற யாரையாவது போட்டுக்குங்க."

காற்றுச் சுரங்கத்தின் பொறுப்பாளர் மரகதவல்லி நிமிர்ந்து பார்த்தார். வந்து நின்றவர் அவரைவிட மூத்தவர். இயந்திரப் பட்டறையிலிருந்து தன் ஆட்களோடு மாற்றலாகி வந்து, இந்த வயதில் அவரிடம் தொழில் கற்றுக்கொள்பவர்.

"என்ன ஆச்சு சார்?"

"இன்னைக்கும் சுரங்கம் இருமிட்டு அடங்கிடுச்சு."

ஒலியை முந்தும் வேகத்தில் காற்றை ஓடவிட்டு, ராக்கெட் மாதிரிகளைச் சோதிக்கும் சுரங்கம் அது. தொட்டி தொட்டியாக அழுத்தக் காற்றைக் குடிக்கும். குடியைக் குறைக்காவிட்டால் மூடிவிடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. மூடினால் ஞானசிகாமணியின் ஆட்கள் ஆளுக்கொரு ஊராகப் போக வேண்டியதுதான். அவர்கள் கொடுத்த கெடுவுக்கு இன்றுதான் கடைசி நாள். தொட்டியில் இன்னும் ஒரு ஓட்டத்துக்குத்தான் காற்று இருந்தது. பாவம், மனிதர் தூங்கியே பல நாள் ஆகிறது.

"கழுத்து?"

சுரங்கம் பின்பக்கம் குறுகும் இடத்தைக் கழுத்து என்பார்கள். அதைச் சுருக்கினால் குறைந்த அழுத்தத்திலேயே காற்று ஓடும்.

"கணக்குப்படி சுருக்கி வச்சுட்டுத்தான் காத்தையே திறக்கிறேன். முதல் மூச்சுலேருந்தே மிச்சம் பிடிக்கணும்ல?"

"ஓடலேன்னா?"

"அழுத்தத்தைக் கூட்டுறேன். இன்னும் கூட்டுறேன்."

மரகதவல்லி கண்களைக் கசக்கிக்கொண்டார். அவருக்கும் களைப்புதான்.

அறை வாசலில் டீ வண்டி முட்டிக்கொண்டு நின்றது. ஏசி குளிர் வெளியே போய்விடக் கூடாதென்று இரட்டைக் கதவில் ஒன்றை எப்போதும் தாழிட்டே வைப்பவர் ஞானசிகாமணி.

"தள்ளுப்பா" என்றார். "நல்லா அழுத்தித் தள்ளு."

டீக்காரர் தள்ளினார். வண்டி நகரவில்லை. டீதான் தளும்பிக் கொட்டியது.

மரகதவல்லி எழுந்து போய்த் தாழை நீக்கினார். இரண்டு கதவும் திறந்தன. வண்டி உள்ளே வந்தது. ஒரு கதவை மறுபடி சாத்தித் தாழிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஞானசிகாமணி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம்... உள்ள வந்த பிறகு..."

"டீ ஆறிடும் சார்."

அவர் டீயைத் தொடவில்லை. சுரங்கம் இருந்த கொட்டகையை நோக்கி ஓடினார். அவர் ஓடி அங்கே யாரும் பார்த்ததில்லை.

"கழுத்தை முழுசாத் திறங்கப்பா!" குரல் மட்டும் கேட்டது. "காத்து உள்ள வந்து ஓடட்டும், அப்புறம் நான் சொல்றப்போ சுருக்குங்க!"

கொட்டகையில் காற்றைத் திறக்கும் சீறல் எழுந்தது.

பிறகு மேசையில் ஞானசிகாமணி தொடாத டீ நடுங்கத் தொடங்கியது. இந்த முறை இருமல் இல்லை; நடுக்கம் நிற்கவில்லை.

மரகதவல்லி டம்ளரை ஒரு தட்டால் மூடி வைத்தார்.