மொட்டை மரமும் முதல் ஊஞ்சலும்

முன்னொரு காலத்திலே பூந்துறை நாட்டை மழவராயன் என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் போட்ட உத்தரவை மாலையில் மாற்றுவார். எதைப் பார்த்தாலும் "அது ஏன் அப்படி?" என்று கேட்காமல் நகரமாட்டார்.

ஒரு ஆனி மாதக் கடைசியில் பேய்க்காற்று வந்து தலைநகரை உலுக்கி எடுத்தது. ராஜா நடுங்கிப்போய்க் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டார். ஊர் பிழைத்தது, ராஜா மொட்டை போட்டுக்கொண்டார். வெளியே வந்து பார்த்தால் ராஜவீதி மரங்களும் இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நின்றன. இரண்டு மொட்டையும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒன்றைத் தலைப்பாகையால் மறைத்தார். மற்றதை எதைக் கொண்டு மறைப்பது?

நகர அலங்காரத்தைக் கவனித்துவந்த அலங்காரபூபதி சபையில் எழுந்தான். அமைச்சர் செங்கோடர் மேல் அவனுக்கு நெடுநாள் புகைச்சல்.

"அரசே, இலையில்லாத மரம் செத்த மரம். அத்தனைக்கும் சுண்ணாம்புக் குறி போட்டுவிட்டேன். உத்தரவு கொடுத்தால் நாளைக்கே வெட்டிவிடலாம். என் மாளிகை வாசல் வேப்பமரத்தைப் பாருங்கள், என்ன பச்சை! ஆடிப்பெருக்குக்கு இளவரசியின் ஊஞ்சலை அதில்தான் கட்ட வேண்டும்."

"வெட்டிய மரத்தை ஒட்ட வைக்க முடியாது, அரசே. முதலில் பார்த்துவிடுவோம்" என்றார் செங்கோடர்.

"பார்க்க என்னய்யா இருக்கிறது? மொட்டை மொட்டைதானே!"

ராஜா தலைப்பாகையைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். கோபம் ஒரு பக்கம். பார்க்க என்னதான் இருக்கும் என்ற ஆவல் மறுபக்கம்.

"செங்கோடரே, நீர் சொல்வது சரியில்லை என்றால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி அலங்காரபூபதியிடம் கொடுத்துவிட வேண்டும். சம்மதமா?"

"சம்மதம், அரசே."

சபையே வீதிக்கு இறங்கியது. செங்கோடர் முதல் மொட்டை மரத்தின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறினார். உள்ளே பச்சைப்பசேல் என்று ஈரம்.

"அட! இது ஏன் பச்சையாக இருக்கிறது?" ராஜா குனிந்துவிட்டார்.

"உயிர் இருக்கிறது அரசே. தாங்கள் முடி இறக்கினீர்கள். இனி முளைக்காது என்று யாராவது சொன்னோமா?"

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த மரத்தைத் தாமே கீறினார், பச்சை. அதற்கடுத்ததும் பச்சை. பிறகு ஒன்று சருகு போலப் பழுப்பாக இருந்தது. "இது போய்விட்டது, வெட்டலாம்" என்றார் செங்கோடர். இன்னொன்றில் முறிந்த கிளை தொங்கியது. "இதற்குக் கிளையை மட்டும் எடுத்தால் போதும்." ராஜாவின் நகத்தில் மண்ணும் பட்டையும் ஏறிவிட்டன. ராஜா அதைக் கவனிக்கவேயில்லை.

அலங்காரபூபதிக்கு முகம் சுருங்கியது. "மொட்டை பிழைக்கட்டும் அரசே. என் மரத்தில் குறை சொல்ல முடியுமா?"

அந்த வேப்பமரம் மாளிகையின் புதுமதிலை ஒட்டி, பேய்க்காற்றுக்கு மாளிகையே மறைப்பாக இருந்ததால் ஒரு இலை வாடாமல் நின்றது. ஊஞ்சல்கூடத் தொங்கியது. ராஜாவின் செல்லமகள் குமுதவல்லி அதைப் பார்த்ததும் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"கொஞ்சம் பொறும்மா" என்று செங்கோடர் அவளை மறித்தார். "ஊஞ்சல் கட்டியவர்தானே முதலில் ஆடிக் காட்ட வேண்டும்? அதுதானே நம் வழக்கம்? ஐயா, உட்காருங்கள்."

அலங்காரபூபதி மதிலைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான். "எனக்குத் தலைசுற்றல் உண்டு."

"மெதுவாக ஆட்டுகிறோம்."

"இன்று நாள் நன்றாக இல்லை."

"இளவரசிக்கு நல்ல நாள், உமக்கு மட்டும் கெட்ட நாளா?"

"ஐயோ, குழந்தையின் எடை என்ன, என் எடை என்ன! என்னை அந்த மரம் தாங்காது!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே புரிந்தது. ராஜா மகளைச் சட்டென்று இழுத்து அணைத்துக்கொண்டார். "என் குழந்தையை உட்காரவைக்கத் துணிந்த கிளையில் நீ உட்காரமாட்டாயா? ஏன்? அதைச் சொல்!"

செங்கோடர் ராஜாவை மட்டும் மதிலோரம் அழைத்துப்போய், செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் காலை வைக்கச் சொன்னார். காற்று வீசியது. ராஜாவின் காலடியில் தரை மெல்ல எழும்பி, மெல்ல அடங்கியது.

"செங்கோடரே! மண் மூச்சு விடுகிறதே!"

"வேர் பிடிக்காத மண் அப்படித்தான் அரசே. நேற்று இந்த வழியாக வரும்போது இங்கே வெடிப்பைப் பார்த்தேன்."

எல்லோரையும் தள்ளி நிறுத்திவிட்டு, மரத்தில் நீளக் கயிறு கட்டி யானையிடம் கொடுத்தார்கள். யானை சும்மா ஒரு அடி நகர்ந்தது. அவ்வளவுதான், பச்சை மரம் வீதியில் படுத்துவிட்டது. மதில் பக்கத்து மண் பிளந்து மேலே வந்தது. அதில் இருந்த வேர்களெல்லாம் கோடரியால் வெட்டப்பட்டிருந்தன. புதுமதிலுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது செய்த வேலை அது.

அலங்காரபூபதி ராஜாவின் காலில் விழுந்தான். "எழுந்திரு" என்றார் ராஜா. "நீ குறி போட்ட மரங்களுக்கெல்லாம் நீயே முட்டுக்கொடுத்து, நீயே தண்ணீர் சுமக்க வேண்டும். துளிர்க்கும்வரை உனக்குச் சபையில் இடமில்லை." பிறகு செங்கோடரின் விரலில் இருந்த முத்திரை மோதிரத்துக்குப் பக்கத்தில் தம்முடைய மோதிரத்தையும் போட்டுவிட்டார்.

அந்த வருஷம் ஊஞ்சலை அரண்மனை உத்தரத்தில் கட்டினார்கள். ராஜா தினமும் வீதிக்குப் போய் மரத்தைத் தடவுவார், பிறகு தம் தலையைத் தடவுவார். யார் முந்துகிறார்கள் என்று அவருக்குள் ஒரு போட்டி.

ஒருநாள் குமுதவல்லி கத்திக்கொண்டே ஓடிவந்தாள். "அப்பா, மரம் ஜெயிச்சிடுச்சு! துளிர் விட்டிருக்கு!"

"எனக்கும்தான் வந்துவிட்டது, பார்!" ராஜா தலைப்பாகையைக் கழற்றிக் காட்டினார்.

குமுதவல்லி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "நடுவுல மட்டும் காணோமேப்பா."

ராஜா கவலையோடு திரும்பினார். "செங்கோடரே, அங்கே கொஞ்சம் கீறிப் பாருமே."

செங்கோடர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "மரம் என்றால் கீறிப் பார்த்து உள்ளதைச் சொல்லிவிடுவேன், அரசே. இது ராஜாங்க விஷயம். தலைப்பாகை போதும்."