காருக்குள் இருந்த தண்ணீர்

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு அறுபத்திரண்டு.

குரு மெஹர்பானு, தென்காசியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சீடர் ஆவுடைநாயகம், ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார். லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம் கழித்து, புதுக் காரோடு மறுபடி வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஏம்மா, நான் ஓட்டுறதுல என்ன குறை? என் வீட்டுக்காரி கோமதி ஒரே ஒரு தடவைதான் இதுல ஏறுனா. இப்ப மினிபஸ்ல தொங்கிக்கிட்டுப் போறா. கூப்பிட்டா சிரிச்சுக்கிட்டே வேண்டாம்ங்கா. அவளுக்காகவே வாங்குன வண்டிம்மா இது."



"குற்றாலம் வரைக்கும் ஓட்டுங்க சார், பாக்கேன்" என்று மெஹர்பானு பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

சாரல் அடித்தது. வாத்தியார் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வண்டியை எடுத்தார். கியர் மாற்றியதிலும் சரி, வளைவில் திரும்பியதிலும் சரி, ஒரு குற்றம் சொல்ல முடியாது. வாய்தான் வண்டியை முந்திக்கொண்டு போனது. முன்னால் போன லாரிக்காரன் செய்த தப்பு, பென்ஷன் ஆபீஸ் கிளார்க்கின் திமிர், மேகம் கறுப்பாக இருப்பதற்கான காரணம்.

பாதி வழியில் முன்கண்ணாடி உள்பக்கம் மூட்டம் போட்டது. துண்டால் துடைத்தார். மறுபடி மூடியது. வைப்பரை வேகமாக ஓடவிட்டார். அப்போதும் பாதை தெரியவில்லை.

மெஹர்பானு ஏசியைப் போட்டார்.

"குளிருத நேரத்துல ஏசி எதுக்கும்மா?"

மெஹர்பானு முன்கண்ணாடியை விரலால் சுட்டினார். ஒரு நிமிடத்தில் கண்ணாடி தெளிந்தது.

மெஹர்பானு ஒரு கல்யாண மண்டபத்தைக் கைகாட்டினார். அதன் போர்ட்டிக்கோவில் வண்டி நின்றதும், இன்ஜினை அணைக்க விடாமல் இறங்கி, காருக்கு அடியில் சொட்டுகிற இடத்தில் தன் பிளாஸ்க்கின் மூடியை வைத்தார். வாத்தியாரும் குனிந்து பார்த்தார். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்துவிட்டது.

"இது மழைத்தண்ணி இல்லம்மா. ஏசிக்குள்ள ஜில்லுன்னு ஒரு குழாய் இருக்கு. வண்டிக்குள்ள இருக்க ஈரக்காத்து அதுல பட்டுத் தண்ணியாகி, கீழ வடிஞ்சிரும். காஞ்ச காத்துதான் திரும்ப உள்ள வரும். ஐஸ்தண்ணி ஊத்துன செம்பு வெளிய வேர்க்கும்லா, அதே சங்கதி. ஏழாங் கிளாஸ் பாடம்!"

மூடி நிறைந்தது. வாத்தியார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா கண்ணாடிய ஏத்திட்டுத்தான வந்தோம்? மழை ஒரு சொட்டு உள்ள வரலையே. பிறவு இம்புட்டு ஈரம் எங்கேருந்தும்மா வந்தது?"

மெஹர்பானு மூடியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். சிரிப்பை அடக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

"தென்காசியில வண்டி எடுத்ததுல இருந்து நான் வாயே தொறக்கல சார்."