லாரிக்கு யார் சொல்வது?

உடுமலை நூல்மில் முதலாளி சென்னியப்பனுக்குக் கார் ஓட்ட வந்து மயிலாத்தாளுக்கு மூன்றே நாள்தான் ஆகியிருந்தது. அன்று மகளின் வளைகாப்புக்கு அவர் அவசரமாகப் போய்க்கொண்டிருந்தார். நாற்சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்ததும் மயிலாத்தாள் காரை நிறுத்தினாள்.

"எதுக்கு நிறுத்தினே? நான் யாருன்னு இந்த ஊருக்கே தெரியும். எடு வண்டியை! இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

அவள் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

"ஊருக்குத் தெரியுமுங்க. குறுக்கே வர்ற லாரி வெளியூருங்களே! நீங்க இறங்கிப் போய் அதுகிட்டச் சொல்லிட்டு வாங்க, நான் எடுக்கறேன்."

சொல்லி வாய் மூடவில்லை, கரும்பு லாரி ஒன்று காரின் மூக்கை உரசுவதுபோலப் பாய்ந்து போனது.

முதலாளி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு அரைமணி முன்னாடியே கிளம்பிடலாம், அம்மிணி," என்றார் மெதுவாக. "பச்சை விழறதுக்குள்ளே, இந்த பெல்ட்டை எப்படி மாட்டறதுன்னு சொல்லு."