மேலே ஏறிய தண்ணீர்

அரைக்கிணற்றுப்பட்டி பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் குமணன்தான் லீடர். அறிவுக்காகக் கிடைத்த பதவி இல்லை. தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் அவன் உட்காரும் இடத்தில், தலைக்கு மேலே சுவரில் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் சட்டையில் குத்திய பேட்ஜை அவன் தூக்கத்திலும் கழற்றியதில்லை. போன வாரம் பள்ளித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தபோது அறிவியல் சார் அய்யாக்கண்ணு சொல்லிவிட்டார்: "இனி ஒரு சொட்டு கீழ விழுந்தாலும் பேட்ஜ் போயிரும்." அன்றிலிருந்து பாவம், அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று ஊசித்துளைக் கேமரா பாடம். ஊசி நுழையும் அளவுக்குத்தான் துளை இருக்க வேண்டும் என்றார் சார். குமணனும் அவன் கூட்டாளிகள் சடையப்பனும் லூர்துவும் செருப்புப் பெட்டியில் ஊசியைக் குத்தி, அளவு மாறிவிடக் கூடாதே என்று அதை அங்கேயே விட்டுவைத்தார்கள். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. சார் ஊசியைப் பிடுங்கி எறிந்தார்.

"நான் சத்துணவுக்கூடம் வரைக்கும் போயிட்டு வர்றேன். பெட்டியிலேருந்து கண்ண எடுக்கக் கூடாது. அதுல தெரியிறத மட்டும்தான் நம்பணும்."

மூவரும் ஒரே கறுப்புப் போர்வைக்குள் தலையை விட்டார்கள். பெட்டியின் பின்பக்கம் திரையாக ஒட்டியிருந்த எண்ணெய்த் தாளில், ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டி தெரிந்தது, தலைகீழாக. குமணன் பேட்ஜைக் கையால் பொத்திக்கொண்டான்.

"கவுந்து கெடக்குடா. பேட்ஜ் போச்சு."

"பெட்டியத் திருப்பிப் பிடி," என்றான் சடையப்பன். திருப்பினார்கள். அப்போதும் தலைகீழ்தான். தொட்டிக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது என்று மூவரும் வருத்தப்பட்டார்கள்.

லூர்து வெகுநேரம் யோசித்தான். "கவுந்த தொட்டியிலேருந்து ஒரு சொட்டுகூட விழல. அப்படின்னா உள்ள தண்ணியே இல்ல."

குமணனுக்கு உயிர் வந்தது. கண்ணை எடுக்காமலே கையை நீட்டி மோட்டாரைப் போட்டான்.

ஏற்கெனவே நிறைந்திருந்த தொட்டி கொஞ்ச நேரத்தில் வழியத் தொடங்கியது. வெளியே சோவென்று சத்தம். பெட்டிக்குள் தண்ணீர் மேலே மேலே ஏறியது.

"கீழ விழுதா?" என்றான் குமணன்.

"இல்ல. மேலதான் போகுது," என்றான் லூர்து.

"அப்ப ஓடட்டும்."

சத்துணவுக்கூடத்திலிருந்து திரும்பிய சார் தொட்டிக்கு அடியில் முழுசாக நனைந்தார். ஓடிவந்து ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு, குமணன் சட்டையிலிருந்த பேட்ஜைப் பிடுங்கினார். வாய் நிறையத் தண்ணீர், பேச்சு வரவில்லை. நாலடி தள்ளிப் போய் அதை ஓங்கித் தரையில் எறிந்தார்.

குமணன் கண்ணை எடுக்கவில்லை. பெட்டிக்குள் பேட்ஜ் சாரின் கையைவிட்டுக் கிளம்பி, தொப்பையைத் தாண்டி, முழங்காலைத் தாண்டி, செருப்புக்கும் மேலே போய் நின்றது.

"பார்த்தீங்களாடா," என்றான். "சாரையே தாண்டிப் போயிருச்சு. நான் ஹெட்மாஸ்டர் ஆயிட்டேன்."

இருவரும் போர்வைக்குள்ளேயே அவனுக்குக் கைகொடுத்தார்கள். மோட்டாரை யாரும் நிறுத்தக் கூடாது என்பதுதான் புதிய ஹெட்மாஸ்டர் போட்ட முதல் உத்தரவு.